சர்க்கரை குறைந்துள்ளது

மார்ச் 3, செவ்வாய்
காலை 6.40. அளவு 112. அம்பு நேராக.

அக்காவுக்கு,

மேலே எழுதியிருப்பதுதான் இந்த நிமிஷம் என் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இனி நானாக எழுதினால்தான் உனக்கு இது தெரியும். நேற்று சாயங்காலம் வாட்சிலிருந்து உன் பெயரை எடுத்துவிட்டேன். உன் போனுக்கு என் சர்க்கரை எண் வராது. நீ அழைத்தாலும் எடுக்க மாட்டேன். போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், அம்மா பின்னாலிருந்து "என்னடி, என்னடி" என்பாள். மெயிலில் குறுக்கே பேச முடியாது. அதனால் மெயில்.

நேற்று நடந்ததில் உனக்குப் பாதிதான் தெரியும். மீதி இது.

பதினோரு மாடிக் கட்டடம். லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று, சுவரை ஒட்டி ஓடும் தண்டவாளத்தில் ஒரு போல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தேன். இடம் பத்தாது. இடது கையைச் சுவரோடு முட்டுக்கொடுத்துத்தான் நிற்க முடியும். சர்க்கரையை அளக்கும் சென்சார் ஒட்டியிருப்பதும் அந்தக் கையில். சென்சார் அமுங்கினால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறையும், எண் பொய்யாக இறங்கும். வாட்ச் அதிர்ந்தது. 54 என்றது. எனக்கு வியர்வை இல்லை, நடுக்கம் இல்லை. அமுக்கம்தான் என்று விட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன்.

நீ என் போனுக்கு மூன்று தடவை அடித்திருக்கிறாய். போன் லாக்கரில் இருந்தது. லிஃப்ட் ஓடும் குழிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் விதி. இந்த வாட்சை நான் மெனக்கெட்டு வாங்கியதே அதற்குத்தான். போன் இல்லாமலே சென்சாரிடமிருந்து எண்ணை வாங்கும், தனக்குள் இருக்கும் சிம் வழியாக உனக்கும் அனுப்பும். மூன்றே பேர் நடத்தும் கம்பெனி. கடையில் கிடைக்காது. ஆறு வாரம் காத்திருந்து வாங்கினேன். நல்ல பொருள். அதன் மறுமுனையில் நீ இருந்ததுதான் கோளாறு.

என் மேனேஜரிடம் என்ன சொன்னாய்? "என் தம்பி லிஃப்ட் மேல மயங்கிக் கிடக்கான், யாராவது போய்ப் பாருங்க!" அவர் கட்டடம் முழுக்க லிஃப்டுகளை நிறுத்தினார். நாலு பேர் கயிற்றோடு வந்தார்கள். என்னை மூட்டை மாதிரி இறக்கினார்கள். விரலில் குத்திப் பார்த்தால் 118. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். மேனேஜர் கேட்டார்: "சுகரா உனக்கு? இந்த வயசுலயா? ஏம்ப்பா சொல்லவே இல்ல?"

சொல்லவில்லைதான். என் உடம்பில் இன்சுலின் சுரப்பதே இல்லை, ஊசியால் போட்டுக்கொள்கிறேன், அம்மாவுக்கு இருப்பது வேறு எனக்கு இருப்பது வேறு என்று நாலு வருஷமாக நம் வீட்டிலேயே புரியவைக்க முடியவில்லை. மேனேஜருக்கா புரியப்போகிறது?

நேற்று மதியமே என்னை உதிரிபாக ஸ்டோரில் உட்கார வைத்துவிட்டார்கள். போல்ட் எண்ணுகிறேன். ஏப்ரல் 8 அன்று கம்பெனி டாக்டர் என்னைப் பார்க்கிறார். அவர் 'தகுதி இல்லை' என்று எழுதிவிட்டால் குழிக்குள் நான் இனி இறங்கவே முடியாது. படித்து முடித்ததும் கிடைத்த கண்ணாடி அறை ஆபீஸ் வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இதற்கு வந்தவன் நான். எனக்குப் பிடித்த வேலை இது ஒன்றுதான். அது இப்போது ஒரு கையெழுத்தில் தொங்குகிறது.

பதில் எழுதியே ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை.

தம்பி

*

மார்ச் 6, வெள்ளி

டேய் கட்டாயமில்லாதவனே,

நான் மன்னிப்புக் கேட்பேன் என்று தேடிக்கொண்டு வராதே. இந்தக் கடிதத்தில் அது இல்லை.

அன்று நான் எங்கே இருந்தேன், என்ன பார்த்தேன் என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்வேன். டிப்போ கண்ட்ரோல் ரூமில் இருந்தேன். எதிரே சுவர் முழுக்கத் திரை. எங்கள் பஸ்ஸெல்லாம் அதில் பச்சைப் புள்ளியாக ஊர்ந்துகொண்டிருக்கும். ஒரு புள்ளி பத்து நிமிஷம் அசையவில்லை என்றால் நான் அலறுவதில்லை. டிராஃபிக்காக இருக்கும், டிரைவர் ஓரமாக ஒதுங்கியிருப்பார். அந்த நிதானத்துக்குத்தான் எனக்குச் சம்பளமே தருகிறார்கள். ஆனால் மேஜை ஓரத்தில் போனில் உன் எண் இறங்கியது. 90. 71. 54. அம்பு தலைகீழாகத் தொங்கியது. அடித்தேன், நீ எடுக்கவில்லை. உனக்கு உன் கை அமுங்கியது தெரியும், உன் வியர்வை தெரியும். எனக்கு என்ன தெரியும்? அம்பு தெரியும். பக்கத்து சீட்காரி, "என்னக்கா, மூஞ்சியே செத்துப் போச்சு?" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்காமல் மறுபடி உனக்கே அடித்தேன்.

ஒன்று கேட்கிறேன், நேர்மையாகப் பதில் சொல். அது பொய் எண் என்று உனக்கு நிச்சயமாகத் தெரிந்தது எப்போது? மேலே நின்றபோதா, 118 பார்த்த பிறகா?

ஆபீஸில் நீ சொல்லியிருக்க மாட்டாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உயரத்தில் ஏறி வேலை செய்கிறவன், கூட இருப்பவர்களிடம் இதைக்கூடச் சொல்லாமல் இருப்பான் என்று யாருக்குத் தோன்றும்? இப்படி ஒரு அழுத்தக்காரன் நம் வீட்டில்தான் பிறப்பான்.

வேலை விஷயம் நினைத்தால் எனக்கும் வருத்தம்தான். அதைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஒரே இடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்ததாக உன் சரித்திரத்திலேயே கிடையாது. நீ போல்ட் எண்ணுகிறாயாம். மாமா கேட்டுவிட்டுச் சிரித்தார்.

போனைத் திறந்தால், "இவரைப் பின்தொடர உங்களுக்கு அனுமதி இல்லை" என்று வருகிறது. 'இவரை'யாம். இவருக்கு மூக்குச் சிந்திவிட்டதே நான்தான்.

அம்மாவிடம் ஸ்டோர் விஷயம் சொல்லவில்லை.

அக்கா

*

மார்ச் 10, செவ்வாய்
மதியம் 1.15. அளவு 137.

அக்காவுக்கு,

கேட்டதற்குப் பதில்: 118 பார்த்த பிறகு.

அதனால் நீ செய்தது சரி என்று ஆகிவிடாது.

ஸ்டோரில் என்னோடு இருப்பவருக்கு டார்ச் என்று பெயர். பட்டப்பகலிலும் இடுப்பில் டார்ச் தொங்கும். இருபது வருஷம் குழிக்குள் வேலை பார்த்தவர், முழங்கால் போனதும் இங்கே அனுப்பிவிட்டார்கள். வாய் ஓயாது. "தம்பி, என் மாமியாருக்கும் சுகர்தான். வெறுங்கால்ல புல்லு மேல நடக்கச் சொன்னாங்க. நீயும் நட, ஜம்முனு குறையும்." மேனேஜர் அவரிடம், "இவன் மேல ஒரு கண்ணு வெச்சுக்கோங்க" என்று சொல்லியிருக்கிறார். அவர் ரெண்டு கண்ணையும் வைத்திருக்கிறார். நான் பாத்ரூம் போனாலும் வெளியே நின்று இருமுகிறார்.

ஆக, உன் இடத்துக்கு ஆள் வந்தாயிற்று. கவலையை விடு.

தம்பி

*

மார்ச் 13, வெள்ளி

டேய்,

கண் வைத்தால் போதுமா? எதைப் பார்க்க வேண்டும், பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று அந்த மனுஷனுக்குச் சொல்லிக் கொடுத்தாயா? ரூட்டைச் சொல்லாமல் நான் எந்த டிரைவரிடமும் சாவியைக் கொடுக்க விடுவதில்லை.

அவ்வளவுதான். எனக்கும் ரோஷம் இருக்கிறது, நீளமாக எழுத மாட்டேன்.

சாப்பிட்டாயா?

அக்கா

*

மார்ச் 19, வியாழன்
மாலை 5.20. அளவு 146. மதியம் இதே வாட்சில் 49.

அக்காவுக்கு,

சொல்லிக் கொடுக்கவில்லை. இன்று அதற்கான கூலி கிடைத்தது.

சீக்கிரம் சாப்பிட்டுவிடலாம் என்று ஊசியைப் போட்டுக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து லாரி வந்து நின்றது. அரை மணி நேரம் பெட்டி சுமந்தேன். சோறு டப்பாவிலேயே இருந்தது. கடைசிப் பெட்டியை இறக்கும்போது கால் பஞ்சாகிவிட்டது. வாட்ச் அதிர்ந்தது. இந்தத் தடவை அமுக்கம் இல்லை. சட்டை நனைந்துவிட்டது, விரல்கள் தனியாக ஆடின. குளுக்கோஸ் மாத்திரை லாக்கரில் தொங்கும் கோட்டில். லாக்கர் அந்தக் கோடியில். தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாக்கு புரளவில்லை. மணிக்கட்டை டார்ச்சிடம் நீட்டினேன்.

அவர் குனிந்து, டார்ச்சை அடித்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். "சர்க்கரை... குறைந்துள்ளது."

முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. "அட! கொறஞ்சிருச்சா! நான் சொன்னேன்ல, புல்லு மேல நட, புல்லு மேல நடன்னு! யாரு கேட்டா!" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "இரு, இந்தச் சந்தோஷத்துக்கு ஒரு டீ குடிச்சே ஆகணும்."

போய்விட்டார். நிஜமாகவே போய்விட்டார். பக்கத்து அறையில் கெட்டில் கொதிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. திரும்பி வந்து கோப்பையை என் முன்னால் வைத்தார்.

"சர்க்கரை" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் வந்தது.

"ஆமாம்ப்பா, தெரியாதா எனக்கு? ஒரு பொட்டு சர்க்கரை போடல. உனக்குன்னே தனியாப் போட்டேன்."

சுவரைப் பிடித்து எழுந்து டீ போடும் அறைக்குப் போனேன். நடந்தேனா தவழ்ந்தேனா என்று தெரியாது. அங்கே ஒரு டம்ளரில் சின்னச் சின்னச் சர்க்கரைப் பொட்டலங்கள் இருந்தன. பல்லால் கிழித்தேன். பின்னாலேயே வந்துவிட்டார். "ஐயோ தம்பி! இவ்வளவு பாடுபட்டுக் கொறச்சுட்டு ஒரு நிமிஷத்துல கெடுத்துக்கிறியே! குடுடா இங்க!" பிடுங்கினார். நான் விடவில்லை. பொட்டலம் வெடித்து ரெண்டு பேர் மேலும் சர்க்கரை. உள்ளங்கையில் கிடந்ததை நக்கினேன். மேஜையில் கிடந்ததையும்.

கால் மணி நேரத்தில் பேச்சு வந்தது. சொன்னேன்: இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தால் மயங்கியிருப்பேன், வலிப்பு வந்திருக்கும், அதற்கு மேலும் போயிருக்கும். அவர் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து டார்ச்சைப் போட்டுப் போட்டு அணைத்தார். "கொறஞ்சா நல்லதுன்னுதானேப்பா ஊரே சொல்லுது" என்றார். அப்புறம் மேனேஜரிடம் தானாகவே போய், அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஏப்ரல் 8-க்கு வைத்திருக்கும் என் ஃபைலில் இது ஏறிவிட்டது. நியாயப்படி நான் அவர்மேல் கோபப்பட வேண்டும். வரவில்லை.

வேறு ஒன்று. லிஃப்ட் கதவுச் சென்சாரில் தூசி பட்டால் கதவு மூடாமல் சும்மா சும்மா திறக்கும். எரிச்சலாக இருக்கும். அதற்காகச் சென்சாரைக் கழற்றிப் போடுகிறவனை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்புவோம். தூசியைத்தான் துடைக்க வேண்டும்.

நான் உன்னைக் கழற்றிப் போட்டேன்.

உன் பெயரை இன்னும் சேர்க்கவில்லை. துடைப்பது எப்படி என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பி

*

மார்ச் 22, ஞாயிறு

என் தம்பிக்கு,

சர்க்கரை போடாத டீ வரை சிரித்தேன். மாமா அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். அடுத்த வரியில் அழுதுவிட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "உங்க குடும்பமே இப்படித்தானா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

டார்ச்சைத் திட்ட உனக்கு வாய் வராததில் ஆச்சரியம் இல்லை. உன்னிடம் சொல்லாத ஒரு கதை இருக்கிறது. அன்று 54 பார்த்த பதற்றத்தில் உன் ஆபீஸுக்கு அடிப்பதற்கு முன்னால் அம்மாவுக்கு அடித்தேன். ஒருவேளை நீ வீட்டில் இருந்தால், உன் பக்கத்து வீட்டு எண் அவளிடம் இருக்குமே என்று. "அம்மா, அவனுக்கு சுகர் குறைஞ்சிடுச்சும்மா!" என்று கத்தினேன். அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "அப்பாடா! எவ்வளவு இருக்காம்?" என்றாள். "அம்பத்தி நாலும்மா!" என்றேன். "எனக்கெல்லாம் நூத்தி அம்பதுக்குக் கீழ வந்ததே இல்ல. புள்ள நல்லா வாயைக் கட்டியிருக்கான்" என்றாள். போனை வைத்துவிட்டேன். சாயங்காலம் மாடி வீட்டுக்காரம்மாவிடம் உன் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நம் ஆட்களுக்கு சர்க்கரை என்றால் கூடும், குறைக்க வேண்டும், குறைந்தால் சந்தோஷம். இவ்வளவுதான் தெரியும். அதில் ஒரு தப்பும் இல்லை. முக்கால்வாசிப் பேர் வீட்டில் அதுதான் நடக்கிறது. உன் வாட்ச் அவர்களிடம் போய், 'குறைந்துள்ளது' என்று நல்ல செய்தி வாசிக்கிறது. அதுதான் கோளாறு. மறுமுனையில் இருந்த நான் இல்லை, சரியா? குறித்துக்கொள்.

இப்போது என் தொழில் ரகசியம் ஒன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில் டிரைவருக்கு, "உங்களுக்கும் முன்னால் உள்ள பஸ்ஸுக்கும் இடைவெளி குறைந்துள்ளது" என்று அனுப்புவேன். படிப்பார்கள், பேசாமல் ஓட்டுவார்கள். ரெண்டு பஸ்ஸும் ஜோடியாக வந்து சேரும். அப்புறம் மாற்றினேன். "அடுத்த நிறுத்தத்தில் நாலு நிமிஷம் நில்லுங்கள்." நின்றார்கள். என்ன ஆயிற்று என்று சொன்னால் ஆளாளுக்கு ஒரு அர்த்தம் எடுப்பார்கள். என்ன செய் என்று சொன்னால் செய்வார்கள்.

அந்த மூன்று பேர் கம்பெனிக்கு எழுது. எண்ணைச் சொல்ல வேண்டாம், வேலையைச் சொல்லச் சொல். எழுதும்போது உன் வழக்கப்படி முதல் வரியிலேயே சண்டை போடாதே.

அக்கா

*

மார்ச் 29, ஞாயிறு
காலை 9.05. அளவு 104.

அக்காவுக்கு,

எழுதினேன். மூன்றாவது வரியில்தான் சண்டை போட்டேன்.

மறுநாளே பதில் வந்தது. மூன்று பேரில் ஒருத்தருக்குத்தான் தமிழ் தெரியும். அகராதியைப் பார்த்து மொழிபெயர்த்தாராம். "வாக்கியம் சரியாகத்தானே இருக்கிறது?" என்று கேட்டார். வாக்கியம் சரி, ஆள் செத்துவிடுவான் என்று எழுதினேன். உடனே, நாமே எச்சரிக்கை வாசகத்தை மாற்றிக்கொள்ளும் வசதியைத் திறந்துவிட்டார்கள். பெரிய கம்பெனியாக இருந்தால் இந்நேரம் வரிசை எண் கொடுத்திருப்பார்கள்.

வாசகம் எழுதுவது போல்ட் இறுக்குவது போல இல்லை. வாரம் முழுக்கச் சோதனை.

முதல் வாசகம்: 'அபாயம்! உடனடி நடவடிக்கை தேவை.' அதிர வைத்து டார்ச்சிடம் காட்டினேன். அவர் வாட்சை என் கையிலிருந்து கழற்றி, வாளித் தண்ணீரில் போடப் பார்த்தார். பேட்டரி வெடிக்கப் போகிறது என்று நினைத்துவிட்டார்.

ரெண்டாவது: 'எனக்கு இனிப்பு கொடுங்கள்.' படித்துவிட்டுச் சிரித்தார். "என்ன விசேஷம்? பொண்ணு பார்த்தாச்சா? நீதான்யா எங்களுக்கு இனிப்புக் கொடுக்கணும்." மேனேஜரிடம் காட்டினேன். அவரும் அதையே கேட்டார். அக்கா, இந்த மொழியில் சர்க்கரை சம்பந்தமான எல்லாமே கொண்டாட்டம்தான்.

மூன்றாவது: 'நான் மயங்கப் போகிறேன். சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்கிறது. உடனே என்னைச் சாப்பிட வையுங்கள்.' இது பிடிபட்டது. ஆனால் கடைசி வார்த்தை திரைக்கு வெளியே போய்விட்டது, இடம் இல்லை. 'வை' என்று போட்டால் அடங்கும். இவ்வளவு வயதானவரைப் பார்த்து 'வை' என்றா சொல்வது? அவரிடமே கேட்டேன். "உசுரு போற நேரத்துல என்னடா 'யுங்கள்'? வைன்னு போடு!"

'வை' என்று போட்டேன். பட்டனை ஒரு தடவை அமுக்கினால் ரெண்டாவது பக்கம் வரும்: 'மயங்கிவிட்டால் வாயில் எதுவும் போடாதே. ஆம்புலன்ஸைக் கூப்பிடு.' மாத்திரை இப்போது கோட்டில் இல்லை, சட்டைப் பையில்.

வெள்ளிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சோதனை வைத்தேன். டார்ச் ரசீது எழுதிக்கொண்டிருந்தார். வாட்சை அதிர வைத்து மணிக்கட்டை நீட்டினேன். பேனாவைப் போட்டுவிட்டு என் பையில் கைவிட்டு, நான் "சும்மாங்க, சும்மா" என்று சொல்வதற்குள் ரெண்டு மாத்திரையை வாயில் திணித்துவிட்டார். அரை மணி நேரம் எண் 190-க்குக் கீழே வரவில்லை. இருந்தாலும் எனக்கு அன்று முழுக்க நல்ல நாள்.

டாக்டர் என்ன எழுதுவார் என்று தெரியவில்லை. இதெல்லாம் சேர்ந்து எடுபடுமா? போன வாரம் வரை எடுபடாது என்றுதான் நினைத்திருந்தேன்.

உன் பெயரைச் சேர்க்கட்டுமா? கேட்கிறேன். நீ பாட்டுக்குக் குதிக்காதே. ஏதாவது நிபந்தனை இருந்தால் சொல். எனக்கும் ஒன்று இருக்கிறது: முதலில் மேனேஜருக்கு அடிக்கக் கூடாது.

தம்பி

*

ஏப்ரல் 3, வெள்ளி

தம்பிக்கு,

ரெண்டு மாத்திரையைத் திணித்த அந்த மனுஷனுக்கு என் கும்பிடு.

நிபந்தனை கேட்டாய். நானும் பெரிதாக எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத வேறு ஒன்று புரிந்தது. இந்த ஒரு மாதம் உன் எண் இல்லாமல் முதல் வாரம் துடித்தேன். ரெண்டாவது வாரம் கோபம். மூன்றாவது வாரம், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, நன்றாகத் தூங்கினேன். நீ இந்த வாட்ச் வாங்கிய நாளிலிருந்து நான் ஒரு சினிமா முழுசாகப் பார்க்கவில்லை. சோறு பிசைந்த கையோடு சுண்டுவிரலால் போனைத் தள்ளிப் பார்ப்பேன். 131. சரி. ஐந்து நிமிஷம் கழித்து 128. ஏன் குறைகிறது? உன்னிடம் கேட்டால் எரிந்து விழுவாய். மாமாவிடம் கேட்டால், "அவன் மாடிப்படி ஏறியிருப்பான், நீ சாப்பிடு" என்பார். அந்த எண் உன் ரத்தத்தில் இருந்ததைவிட என் தலையில் அதிகம் இருந்தது.

அதனால் எனக்கு உன் எண் வேண்டாம்.

எச்சரிக்கை மட்டும் போதும். அது வந்தால் நான் செய்வது இது: முதலில் டார்ச்சுக்கு அடிப்பேன். அவர் எடுக்காவிட்டால் ஒரு தடவை மூச்சை இழுத்துவிட்டு மறுபடி அவருக்கே அடிப்பேன். அப்போதும் எடுக்கவில்லை என்றால்தான் மேனேஜர். அவரிடமும், "மயங்கிக் கிடக்கான்" என்று சொல்ல மாட்டேன். "போய்ப் பாருங்கள், விரலில் குத்திப் பாருங்கள்" என்று சொல்வேன். பார், நானும் என் தொழில் ரகசியத்தை அன்று மறந்துதான் போயிருந்தேன்.

டார்ச்சின் எண்ணை அனுப்பு. அவர் முதலில் எடுத்துப் பேசிப் பழக வேண்டும். புல் மேல் நடப்பதைப் பற்றி அம்மாவுக்கும் ஏதோ கேட்க வேண்டுமாம்.

புதன்கிழமை டாக்டர் முன்னால் வாயை அடக்கு. அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல். "அதான் சொன்னேனே" என்று மட்டும் சொல்லிவிடாதே.

அக்கா

*

ஏப்ரல் 9, வியாழன்
காலை 7.10. அளவு 109.

அக்காவுக்கு,

"அதான் சொன்னேனே" என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னேன்.

டாக்டர் நம் வயதுக்காரி. வாட்சைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சென்சார், சிம், வரைபடம் எல்லாவற்றையும் விளக்கப் படம் போட்டுக்கொண்டு போயிருந்தேன். அதை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டார்: "மார்ச் ரெண்டாம் தேதி 54 காட்டினப்ப என்ன பண்ணீங்க?"

"அமுக்கம்னு தெரிஞ்சுது. வேலையப் பார்த்தேன்."

"தெரிஞ்சுதா, நெனச்சீங்களா?"

அக்கா, நீ அவருக்கு முன்கூட்டியே போன் செய்தாயா? நிஜமாகவே சந்தேகமாக இருக்கிறது. "நெனச்சேன்" என்றேன். எழுதிக்கொண்டார். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

அப்புறம் வெளியே உட்கார்ந்திருந்த டார்ச்சைக் கூப்பிட்டார். என்னைப் பேச வேண்டாம் என்று கையைக் காட்டினார். "இவர் வாட்ச் அதிர்ந்தா நீங்க என்ன செய்வீங்க?" டார்ச் எழுந்து நின்று, பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒப்பித்தார். பையில் கை, மாத்திரை, மயங்கினால் வாயில் போடாதே, ஆம்புலன்ஸ். நிறுத்தவில்லை. "கொறஞ்சா நல்லதுன்னு நான்தாங்க டாக்டரம்மா டீ போட்டுக் கொடுத்தேன். இப்ப எங்க ஏரியாவுல பத்துப் பேருக்குச் சொல்லிட்டேன். சுகர் ஊசி போடுறவங்களுக்குக் கொறையறதும் ஆபத்துதான்னு." டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிவு: குழிக்குள் இறங்கலாம். மூன்று மாதத்துக்கு, நிபந்தனையோடு. தனியாக ஒருபோதும் கூடாது. எச்சரிக்கை வந்தால் அது பொய்யோ மெய்யோ, கூண்டிலிருந்து இறங்கி, விரலில் குத்திப் பார்த்த பிறகுதான் மறுபடி வேலை. ராத்திரி அவசர அழைப்புகளுக்குப் போகக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனை எனக்குப் பிடிக்கவில்லை. சண்டை போடலாம் என்று வாயைத் திறந்தேன். டார்ச் என் காலை மிதித்தார்.

கூட நிற்கும் ஆளாக மேனேஜர் அவரையே போட்டுவிட்டார். முழங்காலுக்கு ஏற்றபடி தளத்திலேயே, கதவுப் பக்கம் நிற்பார். ஸ்டோரை விட்டு வெளியே வந்ததில் என்னைவிட அவருக்குத்தான் கொண்டாட்டம். வரும் வழியெல்லாம் டார்ச்சைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

இனி நான் செய்யப்போவது:

1. திங்கள் காலை எட்டு மணிக்குக் குழிக்குள் இறங்குவேன். இறங்கும் முன் எண் 100-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டு, ஏறும்வரை வெளியே நிற்பேன். முணுமுணுப்பேன். ஆனால் நிற்பேன்.

2. அடுத்த சென்சாரை வலது கையில் ஒட்டுவேன். முட்டுக்கொடுக்கும் கையில் அதை வைத்தது என் முட்டாள்தனம். படித்த முட்டாள்தனம்.

3. டார்ச்சின் சட்டைப் பையிலும் ஒரு பட்டை குளுக்கோஸ் வைப்பேன். அதை அவர் மாமியாருக்குக் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வேன்.

4. வாட்சில் சார்ஜ் தீரும்போது, 'ஆயுள் முடியப்போகிறது' என்று வருவதை நேற்றுத்தான் பார்த்தேன். டார்ச் கண்ணில் படுவதற்குள் மாற்றச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதுவேன். இந்தத் தடவை சண்டை இல்லாமல்.

5. ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் நானே பேசுவேன். தனக்குக் குறைந்தால் சந்தோஷப்படட்டும், எனக்குக் குறைந்தால் பயப்படட்டும். பயந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

6. உன் பெயரை இப்போதே சேர்க்கிறேன். எச்சரிக்கை மட்டும். எண் வராது. நீ சினிமா பார்.

7. இதை அனுப்பிய கையோடு உனக்குப் போன் செய்வேன். முதல் மணியிலேயே எடுத்துத் தொலைக்காதே. கொஞ்சம் திமிராக மூன்றாவது மணிக்கு எடு. எடுத்ததும் குறுக்கே பேசு.